வேலைக்குப் போனால் கையில் எவ்வளவு? உதவித்தொகையில் எவ்வளவு?

(வேலைவாய்ப்பு அலுவலகத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் படிக்கும் இளைஞர்களுக்காகவும் அவர்களது குடும்பத்தினருக்காகவும் தயாரிக்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்னைக்கு நாம பேசப் போறது ஒரு சாதாரண கூட்டல் கழித்தல் கணக்கு. ஆனால், இந்தக் கணக்கைப் போடாமலேயே பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள் என்பதால்தான் இதற்கென்று ஓர் உரை தேவைப்படுகிறது.

வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் இரண்டு திரும்பத் திரும்ப வரும். முதல் கேள்வி: "மாசம் அறுநூறு ரூபாய் உதவித்தொகை வருது. இப்ப ஒரு தனியார் கம்பெனியில கூப்பிடுறாங்க. போனா அது நின்னுடுமே, போகலாமா வேண்டாமா?" இரண்டாவது கேள்வியை வேலையை இழந்தவர்கள் கேட்பார்கள்: "இஎஸ்ஐ-ல பாதிச் சம்பளம் தர்றாங்களாமே. கிடைச்ச வேலைக்குக் குறைஞ்ச சம்பளத்துல போறதா, அதை வாங்கிக்கிட்டு நல்ல வேலைக்குக் காத்திருக்கிறதா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். இப்படிக் கேட்பவரைச் சோம்பேறி என்று யாரும் நினைக்க வேண்டாம். குடும்பம் நடத்துகிற ஒவ்வொருவரும் போட வேண்டிய கணக்கு இது. வாங்க, நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு சேர்ந்து போடலாம்.

முதலில் ஒரு விதி

நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் "வேலையில் இருந்தால்", வலது பக்கம் "உதவித்தொகையில் இருந்தால்" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இடது பக்கத்தில் பெரும்பாலானோர் செய்கிற பிழை, முழுச் சம்பளத்தை எழுதுவது. பன்னிரண்டாயிரம் சம்பளம் என்றால் பன்னிரண்டாயிரமும் வீட்டுக்கு வராது. பிஎஃப் பிடிப்பார்கள், இஎஸ்ஐ பிடிப்பார்கள். அதுபோக வேலைக்குப் போவதற்கே செலவு உண்டு. பஸ், ஷேர் ஆட்டோ, டீ, மதியச் சாப்பாடு, போட்டுக்கொள்ளத் துணி, செருப்பு. சின்னக் குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்கும் பணம். இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் இடது பக்கத்தில் வர வேண்டிய தொகை.

வலது பக்கத்தில் செய்கிற பிழை வேறு மாதிரி. அங்கே தொகையை மட்டும் எழுதுகிறோம், எத்தனை நாளைக்கு என்பதை எழுதுவதில்லை. சம்பளம் வேலை இருக்கும்வரை வரும். உதவித்தொகை ஒரு தேதியோடு நின்றுபோகும். அந்தத் தேதியையும் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இரண்டு பக்கத்திலும் மாறாமல் இருப்பவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ரேஷன் கடை அரிசி இரண்டு நிலையிலும் வரும். அம்மாவுக்குக் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது, பிள்ளை வேலைக்குப் போன பிறகும் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டாது என்றால், வேலைக்குப் போவதனால் அது வருமான வரம்பில் அடிபடாது. அதனால் இரண்டு பக்கத்திலும் அதை விட்டுவிடலாம்.

முதல் கணக்கு: மாநில அரசின் உதவித்தொகை

தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைத் திட்டம் 2006-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மாதத் தொகை இது: பத்தாம் வகுப்பு தோல்வி என்றால் 200 ரூபாய், தேர்ச்சி என்றால் 300, பிளஸ் டூ தேர்ச்சிக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வங்கிக் கணக்கில் போடுவார்கள். அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்.

தகுதிகளையும் பார்த்துவிடுவோம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, விடாமல் புதுப்பித்து, ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு வயது வரம்பு 45, மற்றவர்களுக்கு 40. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. முழுநேரமாகப் படித்துக்கொண்டு இருக்கக் கூடாது, தொலைதூரக் கல்வி பரவாயில்லை. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இது கிடையாது. தனியார் வேலையிலோ சொந்தத் தொழிலிலோ வருமானம் பெறுகிறவராகவும் இருக்கக் கூடாது.

மாற்றுத்திறனாளிகளுக்கு விதிகள் தளர்வானவை. பதிவு செய்து ஓராண்டு போதும், வருமான வரம்பு இல்லை, பத்து ஆண்டுகள் வரை பெறலாம். பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய்.

இப்போது ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா விவசாயக் கூலி, குடும்ப ஆண்டு வருமானம் 60,000 என்று சான்று இருக்கிறது. மகள் பி.ஏ. முடித்தவர். உதவித்தொகை 600 வருகிறது. பக்கத்து ஊர் ஜவுளிக்கடையில் 12,000 சம்பளத்தில் வேலை கிடைக்கிறது.

இடது பக்கம் எழுதுவோம். சம்பளம் 12,000. பிஎஃப் 12 சதவீதம், அதாவது 1,440. இஎஸ்ஐ 0.75 சதவீதம், அதாவது 90. கையில் வருவது 10,470. ஷேர் ஆட்டோ, வெளியூர் பஸ் 500, டீ, தின்பண்டம் 600, துணி, செருப்பு 400, மொத்தம் 1,500 கழித்தால் மிஞ்சுவது 8,970. சாதாரணக் கட்டண நகரப் பேருந்திலேயே போய்வர முடிந்தால் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, இன்னும் கொஞ்சம் மிஞ்சும்.

வலது பக்கம்: 600.

வித்தியாசம் மாதம் 8,370 ரூபாய். உதவித்தொகையை மூன்று ஆண்டும் முழுசா வாங்கினாலும் மொத்தம் 21,600 தான். அந்த வேலையில் மூன்றாவது மாதம் முடிவதற்குள்ளேயே அதைவிட அதிகம் மிஞ்சிவிடும்.

அப்படியானால் இந்த அறுநூறு எதுக்குன்னு கேட்கலாம். இது சம்பளத்துக்கு மாற்றாகக் கொடுக்கப்படுவது இல்லை. வேலை தேடுகிற காலத்தில் ஆகிற செலவுக்கு ஒரு கைத்தாங்கல். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய், ஐந்து ஆண்டுகளுக்கான நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய். இதற்குக்கூட வீட்டில் கேட்கத் தயங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பாவிடம் கை நீட்டாமல் ஒரு விண்ணப்பம் போட முடிகிறது, நேர்காணலுக்குப் போய்வர முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. தகுதி இருந்தால் கட்டாயம் வாங்குங்கள், அது உங்கள் உரிமை. அதற்காக ஒரு வேலையைத் தள்ளிவிடாதீர்கள் என்பதுதான் சொல்ல வருவது.

"பதிவு போயிடுமே" என்ற பயம்

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் தயங்குகிறார்கள்? பல பேருக்குக் காரணம் அந்த அறுநூறு ரூபாயே இல்லை. "தனியார் வேலைக்குப் போனா, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ரத்தாயிடும், பத்து வருஷ சீனியாரிட்டி போயிடும்" என்ற பயம்தான்.

இல்லைங்க, ரத்தாகாது. தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கான அறிவிப்புகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்: தனியார் துறையில் வேலை பெறுவதால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ரத்து செய்யப்படாது. உதவித்தொகை வாங்குவதாலும் பதிவுக்குப் பாதிப்பு இல்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால்தான் பிரச்சினை. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நிற்கப் போவது உதவித்தொகை மட்டும்தான். வேலையில் சேர்ந்ததும் அதை அலுவலகத்தில் தெரிவித்துவிடுங்கள். ஆண்டுதோறும் "நான் வேலையில் இல்லை" என்று சுயஉறுதிமொழி கொடுத்துத்தான் இந்தத் தொகையைப் பெறுகிறோம். பிஎஃப் எண்ணும் இஎஸ்ஐ எண்ணும் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி ஒரு கையெழுத்துப் போடுவது பின்னால் தலைவலியாகும்.

வருமான வரம்பு தாண்டினால் என்ன ஆகும்?

இது பெற்றோர்கள் கேட்கும் கேள்வி. மேலே சொன்ன குடும்பத்தில் மகள் வேலைக்குப் போனதும் ஆண்டு வருமானம் 60,000-லிருந்து 2,04,000 ஆகிறது. அப்பா ஒருவேளை இப்படி யோசிக்கலாம்: "முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வரம்பு 1,20,000 தானே? பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வந்தா என்ன பண்றது?"

யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் வேலையோடு இன்னொன்று வருகிறது. சம்பளம் 21,000-க்குள் இருந்து, நிறுவனமும் இஎஸ்ஐ வரம்புக்குள் வந்தால் மகளுக்கு இஎஸ்ஐ உண்டு. அவரைச் சார்ந்து வாழும், வருமானம் குறைந்த பெற்றோரையும் அதில் சேர்க்க முடியும். மகள் கொடுப்பது மாதம் 90 ரூபாய், நிறுவனம் கொடுப்பது 3.25 சதவீதம், அதாவது 390. தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், உடம்பு முடியாமல் விடுப்பு எடுக்கும் நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம், மகப்பேற்றுக்கு 26 வாரம் முழு ஊதியம் என்று பலன்கள் இருக்கின்றன. ஒரு அட்டை கையை விட்டுப் போகும்போது இன்னொரு அட்டை கைக்கு வருகிறது.

ஆகவே வேலையில் சேரும் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி: "இஎஸ்ஐ, பிஎஃப் பிடிப்பீங்களா?" பிடிக்கிறார்களே என்று வருத்தப்பட வேண்டாம். பிடிக்காவிட்டால்தான் வருத்தப்பட வேண்டும்.

தம்பி, தங்கை கல்லூரியில் படித்தால் கல்வி உதவித்தொகைகளின் வருமான வரம்பையும் ஒரு தடவை பாருங்கள். கல்லூரிப் படிப்புக்கான முக்கியமான உதவித்தொகைகளுக்கு வரம்பு 2.5 லட்சம். இந்தக் குடும்பம் 2,04,000-ல் அதற்குள்தான் இருக்கிறது.

இரண்டாவது கணக்கு: வேலையை இழந்தவருக்கு

இப்போது கடினமான கணக்குக்கு வருவோம். இங்கே விடை அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

இஎஸ்ஐ-யில் "அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா" என்று ஒரு திட்டம் இருக்கிறது. 2018 ஜூலை 1-இல் தொடங்கியது. வேலை இழந்த காப்பீட்டாளருக்கு முதலில் சராசரி தினசரி ஊதியத்தில் 25 சதவீதம் கொடுத்தார்கள். கொரோனா காலமான 2020-இல் அதை 50 சதவீதமாக உயர்த்தினார்கள். வாழ்நாளில் 90 நாள் வரைதான் கிடைக்கும். இரண்டு ஆண்டுகள் இஎஸ்ஐ வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறுமாத சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளும், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டியிருக்க வேண்டும். இந்தத் திட்டத்தை அவ்வப்போது காலநீட்டிப்பு செய்துதான் தொடர்கிறார்கள். அதனால் உங்கள் வேலை போன தேதி அதில் அடங்குகிறதா என்று இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம். தொழிற்சாலையில் மாதம் 18,000 சம்பளம் வாங்கிய அண்ணன் ஒருவர். வீட்டில் மனைவி தையல் தைத்து மாதம் 6,000 சம்பாதிக்கிறார். அண்ணன் வேலை போய்விட்டது.

வேலையில் இருந்தபோது: 18,000-இல் இஎஸ்ஐ 135. பிஎஃப், அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்த 15,000-க்கு 1,800. கையில் 16,065. பஸ், டீ, டிபன் 2,500 போக மிஞ்சியது 13,565.

உதவித்தொகையில்: நான்கு சந்தாக் காலங்களின் மொத்த ஊதியத்தை, அதாவது இரண்டு ஆண்டுச் சம்பளத்தை, 730-ஆல் வகுக்க வேண்டும். 4,32,000-ஐ 730-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 592 ரூபாய். அதில் பாதி 296 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 30 நாளைக்கு 8,876 ரூபாய். 90 நாளைக்கு மொத்தம் சுமார் 26,630 ரூபாய்.

பேப்பரில் பாதிச் சம்பளம்தான். ஆனால் மிஞ்சுவதை மிஞ்சுவதோடு ஒப்பிட்டால் 13,565-க்கு 8,876, கிட்டத்தட்ட 65 சதவீதம். அட, பரவாயில்லையே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள், குடும்பக் கணக்கையும் பார்ப்போம்.

மனைவியின் 6,000-ஐச் சேர்த்தால், முன்பு வீட்டுக்கு 19,565 வந்தது. இப்போது 14,876. குறைந்தது 24 சதவீதம். ஆனால் வாடகை 5,000, மகளிர் குழுக் கடன் தவணை 2,500, பள்ளி வேன் 1,000 என்று 8,500 ரூபாய் குறையாமல் நிற்கிறது. அதைக் கழித்தால் சாப்பாட்டுக்கும் மற்றதுக்கும் முன்பு 11,065 இருந்தது, இப்போது 6,376. குறைந்தது 42 சதவீதம். வருமானம் கால்வாசி குறைந்தாலும் அடுப்படியில் கிட்டத்தட்ட பாதி குறைகிறது. வாடகையும் தவணையும் யாருக்காகவும் குறையாது இல்லையா?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வேலை போய் 30 நாள் ஆன பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். முதல் மாதம் இந்தப் பணம் கைக்கு வராது. 90 நாள் முடிந்ததும் வருமானம் 6,000, நிலையான செலவு 8,500. மாதம் 2,500 பற்றாக்குறை, அதுவும் ஒரு பிடி அரிசி கூடக் கணக்கில் சேராமல்.

முப்பத்து நான்கு ரூபாய்

சரி, இருபதாவது நாளில் வேறு ஒரு கம்பெனியில் 13,000 சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

13,000-இல் இஎஸ்ஐ 98, பிஎஃப் 1,560. கையில் 11,342. வேலைச் செலவு அதே 2,500. மிஞ்சுவது 8,842. உதவித்தொகை 8,876. வேலைக்குப் போனால் மாதம் 34 ரூபாய் குறைகிறது!

இந்த இடத்தில்தான் "அப்போ எதுக்குப் போகணும்?" என்று வீட்டில் பேச்சு வரும். அப்படிக் கேட்பது தப்பில்லை. பதிலை மூன்று படியாகப் பாருங்கள்.

ஒன்று, பிஎஃப் 1,560 காணாமல் போகவில்லை, உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. நிறுவனமும் அதே 1,560-ஐக் கட்டுகிறது. அதில் 1,083 ரூபாய் ஓய்வூதிய நிதிக்கும் 477 ரூபாய் உங்கள் பிஎஃப் கணக்குக்கும் போகிறது. இதைச் சேர்த்தால் வேலைதான் முன்னே நிற்கிறது. ஆனால் இந்தப் பணத்தை வைத்து இந்த மாத வாடகையைக் கட்ட முடியாது என்பதும் உண்மை. இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

இரண்டு, தேதி. உதவித்தொகை 90-ஆவது நாளோடு முடிகிறது. 91-ஆவது நாள் இடது பக்கம் 8,842, வலது பக்கம் பூஜ்யம்.

மூன்று, எதிர்பார்ப்பு. காத்திருந்தால் மறுபடி 18,000 சம்பளத்தில் வேலை கிடைக்கும் என்றால், மாதம் 4,723 ரூபாய் கூடுதலாக மிஞ்சும். அப்போது காத்திருப்பதுதான் நல்ல முடிவு. வேலை தேட அவகாசம் கொடுப்பதற்குத்தானே இந்தத் தொகையைக் கொடுக்கிறார்கள்! ஆனால் அந்த எதிர்பார்ப்புக்குக் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது? நேர்காணல் முடிந்திருக்கிறதா, தேதி சொல்லியிருக்கிறார்களா, இல்லை "பாக்கலாம், கூப்பிடுறோம்" என்ற அளவில்தான் நிற்கிறதா? ஆதாரம் இருந்தால் காத்திருங்கள். இல்லையென்றால் 13,000 வேலையில் சேர்ந்துகொண்டு அங்கிருந்தபடியே தேடுங்கள். காத்திருப்பவர்களும் ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். 60-ஆவது நாள் வரை பார்ப்போம், பிறகு கிடைத்த வேலைக்குப் போவோம் என்று கணவனும் மனைவியும் முதல் வாரத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள். கையில் பணம் இருக்கும்போது எடுக்கிற முடிவும், கடன்காரர் வாசலில் நிற்கும்போது எடுக்கிற முடிவும் ஒன்றாக இருக்காது.

ஒரு கையெழுத்தின் விலை

இப்போது சொல்லப் போவதை வேலையில் இருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள்.

ஆட்களைக் குறைக்கும்போது சில இடங்களில் சொல்வார்கள்: "உங்க ரெக்கார்டுல வேலையை விட்டு அனுப்பினோம்னு இருந்தா அடுத்த இடத்துல எடுக்க மாட்டாங்க. நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்க, மரியாதையா இருக்கும்." கேட்க நல்ல மனசோடு சொல்வது போலத்தான் இருக்கும். ஆனால் தானாக வேலையை விட்டவருக்கு மேலே சொன்ன இஎஸ்ஐ உதவித்தொகை கிடையாது. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் கிடையாது. நம் உதாரணத்து அண்ணன் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் 26,630 ரூபாயை விட்டுக்கொடுக்கிறார். ஆட்குறைப்பு என்று முறைப்படி அனுப்பினால், ஓராண்டுச் சேவைக்கு 15 நாள் சராசரி ஊதியம் என்ற கணக்கில் கிடைக்க வேண்டிய இழப்பீட்டையும் கேட்க முடியாமல் போகும்.

ஆகவே எதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலும் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். தாளை வாசித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்திலோ இஎஸ்ஐ கிளை அலுவலகத்திலோ விசாரியுங்கள்.

ஆலை மூடல், சட்டப்படியான ஆட்குறைப்பு, வேலையிடத்துக்கு வெளியே ஏற்பட்ட காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர இயலாமை ஆகிய காரணங்களால் வேலை போனவர்களுக்கு இஎஸ்ஐ-யில் இன்னொரு திட்டமும் இருக்கிறது. "ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் யோஜனா", 2005-இல் தொடங்கியது. முதல் 12 மாதம் ஊதியத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு இஎஸ்ஐ மருத்துவ வசதியும் தொடரும். உங்கள் வேலை எதனால் போனது என்று தாளில் எழுதப்படும் ஒரு வரி, மூன்று மாத உதவியா இரண்டு ஆண்டு உதவியா என்பதையே மாற்றிவிடும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

பிஎஃப் பணம் உதவித்தொகை இல்லை

வேலை போனதும் பலர் முதலில் கை வைப்பது பிஎஃப் பணத்தில். எடுக்க வழி இருக்கிறது, அவசரம் என்றால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் நோட்டில் அதை வருமானம் என்று எழுதாதீர்கள். அது உங்கள் சேமிப்பு, குறைந்துகொண்டே போகும். ஓய்வூதியம் பெறுவதற்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும். எட்டு, ஒன்பது ஆண்டு முடித்தவர்கள் கணக்கை முடிப்பதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். முதலில் இஎஸ்ஐ உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். அது போதவில்லை என்றால் மட்டும் பிஎஃப் பக்கம் போங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

வேலை தேடுகிறவர்கள் பதிவு அட்டையை எடுத்துப் புதுப்பிக்க வேண்டிய தேதியைப் பாருங்கள். ஐந்து ஆண்டு முடிந்திருந்தால் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டு, உதவித்தொகைப் படிவத்தை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வாங்குங்கள். கூடவே தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.

வேலையில் இருப்பவர்கள் இஎஸ்ஐ கணக்கில் ஆதாரும் வங்கிக் கணக்கும் சரியாக இணைந்திருக்கிறதா, சந்தா நாட்கள் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வேலை போன பிறகு அதைச் சரிசெய்ய அலைவது ரொம்பக் கஷ்டம்.

வேலையை இழந்தவர்கள் 30 நாள் முடிந்ததும் விண்ணப்பியுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அதற்கு வெட்கப்பட எதுவுமில்லை. மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து கட்டிய சந்தாவுக்காக வருகிற பணம் அது.

வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலை இல்லாத பிள்ளையிடம் "எப்ப வேலைக்குப் போவ?" என்று தினமும் கேட்பதற்குப் பதிலாக, ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து இந்த இரண்டு பத்திக் கணக்கைச் சேர்ந்து போடுங்கள். எவ்வளவு குறைகிறது, எத்தனை நாள் தாங்கும், எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தால், ஒருவர் மட்டும் பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்காது.

கணக்கில் எங்கேயாவது சந்தேகம் வந்தால் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு நோட்டோடு வாங்க. உட்கார்ந்து பார்க்கலாம்.